டஃப் என்ற ஆங்கிலச் சொல்லைத் தடுமாறாமல் பயன்படுத்த: முழுமையான வழிகாட்டி

'பரீட்சை ரொம்ப டஃப்', 'கடைசி வரைக்கும் டஃப் கொடுத்தான்' என்று தமிழ்ப் பேச்சிலேயே இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். தெரிந்த சொல்தானே என்று யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதவோ பேசவோ வரும்போது, தமிழில் பழகிய அந்த ஒற்றைப் பொருளையும் தமிழ் வாக்கிய அமைப்பையும் சேர்த்தே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள்.

புதிதாக ஆங்கிலம் பழகுகிறவர்களைக் கவனித்த வரையில், தவறுகள் எங்கெங்கோ சிதறிக் கிடப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்களிலேயே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைத் தாண்டுவதற்கு ஏற்ற வரிசையில் இந்தப் படிகளை அடுக்கியிருக்கிறேன். பலர் மரபுத்தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. பொருளும் வாக்கியச் சட்டமும் கைக்கு வராமல் தொடர்களைப் படித்தால், எதை எங்கே சொல்வது என்று தெரியாது.

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

முதல் தேவை ஒரு நல்ல ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி, அதுவும் கற்பவர்களுக்காகவே தொகுக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இப்படிப்பட்ட அகராதிகளை வைத்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி போதாதா என்று கேட்பார்கள். அதில் பெரும்பாலும் 'கடினமான, உறுதியான, முரட்டுத்தனமான, எளிதில் உடையாத' என்று வரிசையாகப் பொருள்கள் இருக்கும். எந்தப் பொருள் எந்தப் பெயர்ச்சொல்லோடு வரும் என்ற தகவல் இருக்காது. நமக்கு வேண்டியதோ அதுதான். கற்பவர் அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். பொருள் விளக்கத்தை விட்டுவிட்டு முதலில் அந்த வாக்கியங்களைப் படியுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. செய்தி, கதை, விளையாட்டு வர்ணனை என்று எங்கே இந்தச் சொல் கண்ணில் பட்டாலும் முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பயன் இல்லை. பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல், பின்னால் எந்த முன்னிடைச்சொல் (ஆன், வித், ஃபார் போன்றவை) என்பதெல்லாம் வாக்கியத்தில்தான் தெரியும்.

2. ஒலியும் எழுத்தும்

இதை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. கடைசி எழுத்துகளான ஜி, எச் இரண்டும் சேர்ந்து இங்கே 'ஃப்' என்று ஒலிக்கின்றன. ரஃப், எனஃப் ஆகியவற்றோடு ஓசையில் ஒத்துப்போகும். கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும். உதடுகள் இரண்டும் ஒட்டினால் 'டப்' ஆகிவிடும். வேகமாகப் பேசும்போது பலருக்கும் இது நடக்கிறது.

எழுத்தில் உள்ள ஆபத்து வேறு. டி, ஓ, யு, ஜி, எச் என்பது இதன் எழுத்துக்கூட்டு. முதல் டி-க்குப் பின்னால் ஒரு எச் நுழைந்துவிட்டால் 'ஆனாலும்' என்று பொருள்படும் 'தோ' வந்துவிடும். அதோடு ஓர் ஆரும் நுழைந்தால் 'த்ரூ', ஆருக்குப் பதில் கடைசியில் டி சேர்ந்தால் 'தாட்'. எல்லாமே சரியான ஆங்கிலச் சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மின்னஞ்சலை அனுப்பும் முன் இந்தச் சொல்லை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

3. எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பொருளைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தச் சொல்லுக்கு அகராதி ஐந்தாறு பொருள்கள் தந்தாலும், அடியில் ஓடுவது ஒன்றுதான்: எளிதில் மசியாதது. நீங்கள் இழுத்தாலும், கடித்தாலும், கெஞ்சினாலும், மண்டையை உடைத்துக்கொண்டாலும் அது இடம் கொடுக்காது. எதற்கு மசியவில்லை என்பதைப் பொறுத்துத் தமிழ்ச் சொல் மாறுகிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பெயர்ச்சொல்லுக்கு இங்கே எதிர்ச்சொல் என்ன?

'எ டஃப் கொஸ்டின்' என்றால் எதிர்ச்சொல் எளிதான கேள்வி. ஆக இது கடினமான கேள்வி. முடிவு, வேலை, தேர்வு, போட்டி எல்லாம் இதே கணக்கு. 'எ டஃப் சைல்ட்ஹுட்' என்றால்? எதிர்ச்சொல் வசதியான, கவலையற்ற குழந்தைப் பருவம். எனவே இது துன்பப்பட்டு வளர்ந்த பருவம். இங்கே 'கடினமான' என்று மொழிபெயர்த்தால் தமிழ் கொஞ்சம் மரத்துப்போகிறது. 'கஷ்டத்தில் கழிந்த' என்றால் சரியாக இருக்கும்.

'டஃப் மீட்' என்பதற்கு எதிர்ச்சொல் மிருதுவான இறைச்சி. ஆகவே இது எவ்வளவு மென்றாலும் தீராத, சவ்வு போன்ற இறைச்சி. விலங்கின் உடலில் அதிகம் உழைத்த பாகங்களில் இணைப்புத்திசு மிகுதி, அதனால்தான் பல்லுக்கு மசிவதில்லை. 'டஃப் ஃபேப்ரிக்' என்றால் எதிர்ச்சொல் சீக்கிரம் கிழிந்துபோகிற துணி, ஆகவே இது உழைக்கிற துணி. கவனித்தீர்களா, இறைச்சியில் குறையாக இருந்த அதே குணம் துணியில் சிறப்பாகிவிட்டது. சொல் தானாகப் பாராட்டவும் இல்லை, பழிக்கவும் இல்லை. மசியாத அந்தப் பொருள் நமக்கு உதவுகிறதா, எதிரில் நிற்கிறதா என்பதே தீர்மானிக்கிறது.

'டஃப் லாஸ்' என்றால் எதிர்ப்பக்கம் தளர்வான சட்டங்கள். எனவே இவை கண்டிப்பான சட்டங்கள். புரிந்துகொள்ளக் கடினமான சட்டங்கள் என்று தவறாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 'எ டஃப் நெய்பர்ஹுட்' என்றால் எதிர்ச்சொல் பாதுகாப்பான பகுதி. அடிதடியும் திருட்டும் நடக்கிற இடம் என்று பொருள்.

மனிதர்களுக்கு வரும்போதுதான் எதிர்ச்சொல் சோதனை உண்மையில் கைகொடுக்கிறது. 'ஷி இஸ் எ டஃப் டீச்சர்' என்ற வாக்கியத்தையும் 'ஷி இஸ் எ டஃப் உமன்' என்ற வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் எதிர்ச்சொல் தாராளமாக மதிப்பெண் போடுகிற, விட்டுக்கொடுக்கிற ஆசிரியை. அதாவது இவர் கறாரானவர். இரண்டாவதில் எதிர்ச்சொல் சீக்கிரம் உடைந்துபோகிற பெண். அதாவது இவர் எதையும் தாங்குகிற நெஞ்சுரம் உள்ளவர். சொல் ஒன்றுதான். பின்னால் வருவது பதவியா, ஆளா என்பது பொருளைத் திருப்பிவிடுகிறது. ஆசிரியர், நீதிபதி, மேலாளர், பேரம் பேசுபவர் என்று ஒரு வேலையைச் சொன்னால் 'கறார்' என்ற பொருள் முன்னால் வரும். மனிதர், பெண், பையன் என்று பொதுவாகச் சொன்னால் 'தாக்குப்பிடிப்பவர்' என்ற பொருள் முன்னால் வரும். நூற்றுக்கு நூறு விதி இது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொடங்குகிறவர்களுக்குப் போதும்.

உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் எதிர்ச்சொல்லை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வாக்கியம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

4. பக்கத்து வீட்டுச் சொற்களைப் பிரித்து வையுங்கள்

ஹார்ட், டிஃபிகல்ட், ஸ்ட்ராங், சிவியர் ஆகியவை இதன் அண்டை வீட்டுக்காரர்கள். மூன்றாம் படி முடியாமல் இதற்கு வராதீர்கள். பொருள் தெரியாமல் எல்லை பிரிக்க முடியாது.

ஹார்ட் என்பது பொருள்களைப் பற்றிப் பேசும்போது மேற்பரப்பின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். டஃப் என்பது உடையாமல் தாங்கும் திறனைக் குறிக்கும். பொருளறிவியலில் இவை இரண்டும் தனித்தனிப் பண்புகள், தனித்தனியாக அளக்கிறார்கள். கற்கள் கீறலை எவ்வளவு தாங்கும் என்று 1 முதல் 10 வரை மதிப்பிடுகிற மோஸ் அளவுகோலில் வைரம் 10, அதைக் கீறுவது மிக அரிது. ஆனால் அதன் படிகத் தளத்துக்கு இணையாக ஓங்கி அடித்தால் பிளந்துவிடும். நெஃப்ரைட் வகைப் பச்சைக்கல் (ஜேட், மரகதம் இல்லை) அதே அளவுகோலில் ஆறு, ஆறரைதான். ஆனால் உள்ளே நார்கள் போலப் பின்னிய அமைப்பு இருப்பதால் அடிக்கு எளிதில் உடையாது. வைரம் ஹார்ட், பச்சைக்கல் டஃப். இந்த ஒரு இணையை மனதில் வைத்துக்கொண்டால் மனிதர்களைப் பற்றிய பயன்பாடும் தெளிவாகிவிடும். 'எ ஹார்ட் மேன்' என்றால் இரக்கமில்லாதவர் என்ற சாயல் வரும். 'எ டஃப் மேன்' என்றால் அடி வாங்கினாலும் நிற்பவர்.

டிஃபிகல்ட் கொஞ்சம் மரியாதையான, எழுத்துக்கு ஏற்ற சொல். கேள்வி, சூழ்நிலை போன்றவற்றில் டஃப் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் வைக்கலாம். அறிக்கையிலும் ஆய்வுக்கட்டுரையிலும் அதை வைப்பதே நல்லது. ஆனால் மனிதர்கள் மேல் மாற்றி வைத்தால் வம்பு. 'ஹீ இஸ் டிஃபிகல்ட்' என்றால் இடக்குப் பிடித்தவர், அவரோடு ஒத்துப்போவது பெரும்பாடு என்று புகார் சொல்கிறீர்கள். உடன் வேலை பார்ப்பவரின் மன உறுதியைப் பாராட்ட நினைத்து இதைச் சொன்னால், நீங்கள் விளக்கம் கொடுத்துத் தீராது.

இனி, தமிழிலிருந்து வரும் ஒரு பொறி. 'கடுமையான' என்ற நம் சொல் எதன் மேலும் உட்காரும்: கடுமையான வலி, கடும் மழை, கடும் காய்ச்சல், கடும் போட்டி, கடும் உழைப்பு. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். வலி 'சிவியர்', மழை 'ஹெவி', காய்ச்சல் 'ஹை', உழைப்பு 'ஹார்ட்'. இந்த ஐந்தில் போட்டிக்கு மட்டும்தான் டஃப் பொருந்தும், அங்கேயும் 'ஸ்டிஃப்' என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. 'டஃப் ரெயின்', 'டஃப் ஃபீவர்' என்று எழுதினால் படிப்பவருக்குப் பொருள் ஊகிக்க முடியலாம், ஆனால் காதில் உறுத்தும்.

5. வாக்கியச் சட்டத்தைப் பழகுங்கள்

தமிழர்கள் அதிகம் விழுகிற பள்ளம் இது. பொருள் தெரிந்தவர்களும் இங்கே விழுகிறார்கள்.

தமிழில் 'எனக்குக் கணக்கு கஷ்டம்' என்கிறோம். கஷ்டப்படும் ஆள் நான்காம் வேற்றுமையில் முன்னால் வந்து நிற்கிறார். அதை ஆங்கிலத்தில் கொண்டுபோகும்போது முன்னால் நிற்பவரை எழுவாயாக்கி 'ஐ ஆம் டஃப் டு அண்டர்ஸ்டேண்ட் மேத்ஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வாக்கியம் நிற்காது. 'மேத்ஸ்' இல்லாமல் 'ஐ ஆம் டஃப் டு அண்டர்ஸ்டேண்ட்' என்று நிறுத்தினால் இலக்கணம் சரியாகிவிடும், பொருள் தலைகீழாகிவிடும்: 'என்னை மற்றவர்கள் புரிந்துகொள்வது கடினம்.'

காரணம் இதுதான். இந்தச் சட்டத்தில் எழுவாயாக வருவது கஷ்டப்படுகிற ஆள் கிடையாது. கஷ்டம் கொடுக்கிற பொருளோ ஆளோதான் எழுவாய். அதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொண்டால், கீழே உள்ள சட்டங்கள் தானாக வரும்.

முதல் சட்டம்: 'இட் இஸ் டஃப் டு சால்வ் திஸ் ப்ராப்ளம்.' மிகவும் பாதுகாப்பானது. சந்தேகம் வந்தால் இதற்கே போங்கள்.

இரண்டாவது: 'திஸ் ப்ராப்ளம் இஸ் டஃப் டு சால்வ்.' முதல் வாக்கியத்தின் கடைசியில் இருந்த பொருள் எழுவாயாக முன்னால் வந்துவிட்டது. முன்னால் வந்துவிட்டதால் பின்னால் அதன் இடம் காலியாகவே இருக்க வேண்டும். 'திஸ் ப்ராப்ளம் இஸ் டஃப் டு சால்வ் இட்' என்று கடைசியில் ஒரு 'இட்' போடுகிறவர்கள் அந்தக் காலி இடத்தை நிரப்பப் பார்க்கிறார்கள். நிரப்பக் கூடாது. 'டஃப் டு பி சால்வ்ட்' என்று செயப்பாட்டுவினையாக்குவதும் இயல்பாக இராது. செய்வினை வடிவமே போதும்.

காலி இடம் என்ற கருத்து இன்னொரு தவறையும் தீர்க்கிறது. 'அவரோடு வேலை செய்வது கஷ்டம்' என்பதை 'ஹீ இஸ் டஃப் டு ஒர்க்' என்று சொன்னால் குறைபடுகிறது. முதல் சட்டத்தில் வைத்துப் பாருங்கள்: 'இட் இஸ் டஃப் டு ஒர்க் வித் ஹிம்.' 'ஹிம்' முன்னால் 'ஹீ' ஆகப் போய்விட்டது, 'வித்' எங்கும் போகவில்லை. ஆகவே 'ஹீ இஸ் டஃப் டு ஒர்க் வித்' என்று முன்னிடைச்சொல்லோடு முடிக்க வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் முன்னிடைச்சொல் தொங்கக் கூடாது என்று பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால், இந்தச் சட்டத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

கஷ்டப்படுபவரைச் சொல்ல வேண்டுமானால் 'ஃபார்' வரும்: 'திஸ் ப்ராப்ளம் இஸ் டஃப் ஃபார் மீ.' நம் 'எனக்கு' என்பதைப் பார்த்து 'டு மீ' என்று எழுதுவது பழக்கதோஷம். என்னையே எழுவாயாக வைத்துச் சொல்லத்தான் வேண்டும் என்றால் 'ஃபைண்ட்' உதவிக்கு வரும்: 'ஐ ஃபைண்ட் மேத்ஸ் டஃப்', 'ஐ ஃபைண்ட் இட் டஃப் டு வேக் அப் எர்லி.' தமிழில் 'எனக்குக் கஷ்டமா இருக்கு' என்று நினைக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம்தான் மனதுக்கு மிக நெருக்கமானது. இதை மட்டும் நன்றாகப் பழகினாலே பாதித் தவறுகள் போய்விடும்.

மனம் சோர்ந்திருக்கும்போது 'ஐ ஆம் டஃப்' என்று சொல்லிவிட்டால் 'நான் உறுதியான ஆள்' என்று மார்தட்டுகிறீர்கள். சொல்ல வந்தது 'ஐ ஆம் ஹேவிங் எ டஃப் டைம்.'

தமிழ்ப் பேச்சில் உள்ள 'டஃப் கொடுத்தான்' என்பதையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். தமிழில் அது பெயர்ச்சொல் போல நடக்கிறது, பேச்சில் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் அது பெயரடை, பின்னால் ஒரு பெயர்ச்சொல் வேண்டும். 'ஹீ கேவ் மீ டஃப்' என்பது பாதியில் நின்ற வாக்கியம். 'ஹீ கேவ் மீ எ டஃப் ஃபைட்' என்றால் நன்றாக எதிர்த்து விளையாடினான் என்று பொருள். 'எ டஃப் டைம்' என்றால் படாதபாடு படுத்திவிட்டான் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலாவது பாராட்டு, இரண்டாவது புகார்.

கடைசியாக ஒன்று. தமிழில் 'அவர் நாளைக்கு வருவது கஷ்டம்' என்றால் வர வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் டஃப், டிஃபிகல்ட் இரண்டுக்கும் இந்தப் பொருள் இல்லை. அந்த இடத்துக்கு உரிய சொல் 'அன்லைக்லி.'

6. ஆன், வித்: பின்னால் வரும் சிறு சொற்கள்

'டஃப் ஆன்' என்பதற்கு இரண்டு முகம் உண்டு. எழுவாய் ஆளாகவோ அரசாகவோ இருந்தால் கண்டிப்பு என்று பொருள். 'தே ஆர் டஃப் ஆன் க்ரைம்' என்றால் குற்றத்தை விட்டுவைக்க மாட்டார்கள். 'டோன்ட் பி சோ டஃப் ஆன் ஹெர்' என்றால் அவளிடம் அவ்வளவு கறாராக இருக்காதே. எழுவாய் ஒரு நிகழ்ச்சியாக இருந்தால் பாதிப்பு என்று பொருள்: 'த மூவ் வாஸ் டஃப் ஆன் த சில்ட்ரன்', அதாவது வீடு மாறியது பிள்ளைகளைப் பாதித்தது. ஆக, எழுவாயைப் பார்க்காமல் 'ஆன்' வைத்து மட்டும் பொருள் சொல்ல முடியாது.

'வித்' ஆட்களோடு வரும், கண்டிப்பு மட்டுமே அதன் பொருள். பெரும்பாலும் 'கெட்' என்ற வினையோடு வரும்: 'இட் இஸ் டைம் டு கெட் டஃப் வித் தெம்.' இதற்கு மேல் இந்தப் படியில் பெரிதாக ஒன்றும் இல்லை.

7. வடிவங்கள்

ஒப்பீட்டுக்கு 'டஃபர்', 'டஃபஸ்ட்'. 'மோர் டஃப்' வேண்டாம். பண்புப்பெயர் 'டஃப்னெஸ்'.

வினையாக்க 'டஃபன்' இருக்கிறது. சட்டத்தைக் கடுமையாக்குவதற்கும், கண்ணாடியை உறுதியாக்குவதற்கும், ஆளைப் பக்குவப்படுத்துவதற்கும் இதுதான். 'டஃபன்ட் கிளாஸ்' என்பது சூடாக்கி, மேற்பரப்பை வேகமாகக் குளிரவைத்துத் தயாரிக்கும் கண்ணாடி. உடைந்தால் நீளமான கூரிய துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிரும். அமெரிக்காவில் இதையே 'டெம்பர்ட்' என்பார்கள். 'டஃப் இட் அவுட்' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை தாக்குப்பிடிப்பது. நடுவில் உள்ள 'இட்' கட்டாயம்.

வினையடையாக இதைப் பயன்படுத்தப் பார்ப்பது இன்னொரு பொதுவான தவறு. 'கடுமையாக உழைத்தான்' என்பதற்கு 'ஹீ ஒர்க்ட் டஃப்' வராது, 'ஹார்ட்' வர வேண்டும். 'டாக் டஃப்', 'ஆக்ட் டஃப்' என்று கேட்டிருப்பீர்களே என்றால், அவை கைவிட்டு எண்ணக்கூடிய சில நிலைத்த தொடர்கள். வீறாப்பாகப் பேசுவது, முரடன் மாதிரி காட்டிக்கொள்வது என்று பொருள். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அச்சாக வைத்துப் புதிது செய்யாதீர்கள்.

பெயர்ச்சொல்லாக 'எ டஃப்' என்றால் அடியாள், ரவுடி. ஆனால் முன்னால் 'த' போட்டு 'த டஃப்' என்றால் உறுதி படைத்தவர்கள் எல்லாரும் என்று பன்மையாகிவிடும். 'வென் த கோயிங் கெட்ஸ் டஃப், த டஃப் கெட் கோயிங்' (பாதை கடினமாகும்போது உறுதி படைத்தவர்கள் முனைந்து இறங்குவார்கள்) என்ற பழமொழியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். முதல் பாதியில் 'கெட்ஸ்', இரண்டாம் பாதியில் 'கெட்'. எழுத்துப்பிழை இல்லை அது. முதல் டஃப் பயணத்தின் கஷ்டம், பெயரடை. இரண்டாவது டஃப் ஆட்கள், பன்மை எழுவாய், அதனால்தான் வினையில் எஸ் இல்லை. சுவரொட்டிகளில் இதை எஸ் சேர்த்து அச்சடித்திருப்பதைப் பார்த்தால் இப்போது உங்களுக்கே கை பரபரக்கும்.

8. தொடர்களும் தொனியும்

இங்கே பொருளைவிடத் தொனி முக்கியம். தவறான இடத்தில் சொன்னால் இலக்கணப் பிழையைப் போல யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், மனம் நோகும்.

'டஃப் லக்' என்ற தொடரையே எடுத்துக்கொள்வோம். குரல் தாழ்ந்து, முகத்தில் வருத்தத்தோடு சொன்னால் 'அடடா, இப்படி ஆகிவிட்டதே' என்ற ஆறுதல். தோள் குலுக்கிக்கொண்டு சொன்னால் 'உன் தலையெழுத்து, நான் என்ன செய்ய' என்ற அலட்சியம். எழுத்தில் குரலும் இல்லை, முகமும் இல்லை. ஆகவே குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இதைத் தவிர்த்துவிடுங்கள். ஆறுதலாக எழுத 'தட் மஸ்ட் பி டஃப் ஃபார் யு' போதும், அதில் எந்தக் குத்தலும் இல்லை. ஆனால் சாவு வீட்டுக்கு இதுவும் போதாது, அங்கே இந்தச் சொல்லே வேண்டாம். 'டஃப்!' என்று ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்னால் அது எப்போதும் முகத்தில் அடித்தது போலத்தான்.

வேலையிடத்தில் தயங்காமல் சொல்லக்கூடியவை சில உண்டு. 'எ டஃப் கால்' என்றால் இப்படியா அப்படியா என்று தீர்மானிக்கச் சிரமமான முடிவு. 'எ டஃப் செல்' என்றால் மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைக்கப் படாதபாடு பட வேண்டிய யோசனை. 'எ டஃப் ஆக்ட் டு ஃபாலோ' பாராட்டு: முன்னால் இருந்தவர் அவ்வளவு சிறப்பாகச் செய்துவிட்டார், அடுத்து வருபவர் பாடு திண்டாட்டம். புதிதாக வந்தவரின் எதிரிலேயே இதைச் சொல்வது மட்டும் நாகரிகமில்லை.

'டஃப் நட் டு க்ராக்' பிரச்சினைக்கும் சொல்லலாம், வாயைத் திறக்க வைக்க முடியாத ஆளுக்கும் சொல்லலாம். 'டஃப் குக்கி' என்றால் லேசில் கலங்காத ஆள், பெரும்பாலும் செல்லமான பாராட்டு. 'டஃப் கை' நேர்ப்பொருளிலும் வரும், 'ஓகோ, பெரிய சண்டியரோ' என்ற கிண்டலிலும் வரும். யாராவது உங்களைப் பார்த்து 'ஓகே, டஃப் கை' என்றால் நன்றி சொல்லிவிடாதீர்கள்.

'டஃப் லவ்' என்பதைக் 'கஷ்டமான காதல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காதலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நல்லதற்காகவே கண்டிப்பாக நடந்துகொள்ளும் அன்பு அது. மூன்றாம் படியின் எதிர்ச்சொல் சோதனையை இதற்கும் வைக்கலாம்: எதிர்ப்பக்கம் செல்லம் கொடுத்துக் கெடுக்கும் அன்பு.

9. பயிற்சியும் விடையும்

ஒவ்வொன்றையும் முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். விடையைப் பார்க்கும் முன் எழுவாய் எது, எதிர்ச்சொல் எது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'எனக்கு முடிவெடுக்கக் கஷ்டமாக இருக்கிறது.' விடை: 'ஐ ஆம் ஃபைண்டிங் இட் டஃப் டு டிசைட்.' நடுவில் உள்ள 'இட்' விடுபட்டிருந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

'கடுமையான தலைவலி.' இது பொறி. 'எ சிவியர் ஹெடேக்' அல்லது பேச்சில் 'எ பேட் ஹெடேக்.'

'இந்த முறை அவர்கள் ஜெயிப்பது கஷ்டம்தான்.' வாய்ப்பைப் பற்றிய பேச்சு என்பதால் 'தே ஆர் அன்லைக்லி டு வின் திஸ் டைம்.' 'தே ஆர் டஃப் டு வின்' என்று எழுதியிருந்தால், காலி இடத்தில் 'தெம்' வைத்து 'இட் இஸ் டஃப் டு வின் தெம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பொருளே இல்லாமல் போவது தெரியும். 'அவர்களை ஜெயிப்பது கஷ்டம்' என்பதுதான் நீங்கள் சொல்ல வந்தது என்றால் 'தே ஆர் டஃப் டு பீட்.'

'அந்த அம்மா எதற்கும் கலங்க மாட்டார்.' 'ஷி இஸ் டஃப்.' அவ்வளவுதான். 'டிஃபிகல்ட்' எழுதியிருந்தால் அவரிடம் காட்டாதீர்கள்.

'அவர்களிடம் பேரம் பேசுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.' 'தே ஆர் டஃப் டு பார்கெயின் வித்.' கடைசி 'வித்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.